எந்த இடம்?

மாலை ஐந்து மணி. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. அந்தமானில் சீக்கிரமே இருட்டிவிடும்.

பெரார்கஞ்சில் இருந்து ஜிர்காதங் போகும் சாலை. ஒரு வளைவில் ஸ்கூட்டர் சறுக்கி விழுகிறது. ஓட்டி வந்த இளைஞர் எழுந்திருக்கவில்லை. அவர் காலில் இருந்து ரத்தம் கொட்டுகிறது.

பக்கத்து டீக்கடை அம்மா ஓடி வருகிறார். இன்னும் நான்கு பேர் கூடுகிறார்கள்.

"தூக்கி உட்கார வைங்க!"

"வேணாம், தொடாதீங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்."

"முதல்ல தண்ணி குடுங்க."

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். லாரி டிரைவர் ஒருவர் மட்டும் போனை எடுக்கிறார். 112 என்று அழுத்துகிறார். மறுமுனையில் கேட்கிறார்கள்: "எந்த இடம்?"

"ரோட்டுல... ஒரு டீக்கடை பக்கத்துல..."

"எந்த ரோடு? எந்த டீக்கடை?"

டிரைவர் விழிக்கிறார். அவர் வெளியூர். டீக்கடை அம்மா சாலையோரம் பார்க்கிறார். அங்கே ஒரு கிலோமீட்டர் கல் இருக்கிறது. அவர் ஆறு மாதமாக எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறவர். கல்லில் உள்ள எண்ணைப் படிக்கிறார்.

"தம்பி, இந்த நம்பரைச் சொல்லுங்க. பெரார்கஞ்ச் தாண்டி ஜிர்காதங் ரோடுன்னு சொல்லுங்க."

டிரைவர் சொல்கிறார். ஆம்புலன்ஸ் தேடி அலையவில்லை. நேராக வந்து நிற்கிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி எந்தச் சாலையிலும் நடக்கலாம். அந்த அம்மா படித்த ஓர் எண், ஓர் உயிருக்கு உதவியது.

பரந்து கிடக்கும் பகுதி

பெரார் என்பவர் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து அதிகாரி. 1923 முதல் 1931 வரை அந்தமானின் தலைமை ஆணையராக இருந்தார். அவர் பெயரால் வந்ததே பெரார்கஞ்ச். கஞ்ச் என்றால் சந்தை கூடும் ஊர்.

இன்று பெரார்கஞ்ச் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டும் அல்ல. தெற்கு அந்தமான் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் பெயரும் அதுதான். பாம்பூபிளாட், விம்பர்லிகஞ்ச் போன்ற ஊர்கள் இதில் இருக்கின்றன. நடுவே வயல், தோப்பு, மலை, காடு, உப்பங்கழி. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன.

பெரிய மருத்துவமனை தலைநகரில் இருக்கிறது. அதுதான் ஜி.பி. பந்த் மருத்துவமனை. போர்ட் பிளேர் என்ற தலைநகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பாம்பூபிளாட்டில் இருந்து பார்த்தால் அந்த நகரம் எதிர்க் கரையில் தெரியும். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகில் சாத்தம் துறைக்குப் போய்விடலாம். சாலை வழியாகப் போனால் பெரார்கஞ்ச் பக்கமாகச் சுற்ற வேண்டும். அது பல மடங்கு தூரம்.

ஆகவே இங்கே உதவி வந்து சேர நேரம் ஆகலாம். இடத்தைத் தவறாகச் சொன்னால் இன்னும் நேரம் ஆகும். இடத்தைச் சரியாகச் சொல்வதே முதல் உதவி.

மூன்று கைகள்

ஆபத்தில் நம்மைத் தூக்கிவிட மூன்று கைகள் இருக்கின்றன.

ஒன்று, காவல் துறை. திருட்டு, அடிதடி, விபத்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வரும் ஆபத்து எல்லாவற்றுக்கும் காவல் துறையைக் கூப்பிடலாம்.

இரண்டு, தீயணைப்புத் துறை. தீயை அணைப்பது மட்டும் அல்ல, கிணற்றில் விழுந்தவர்களையும் இடிபாட்டில் சிக்கியவர்களையும் மீட்பதும் இவர்கள் வேலை. தமிழ்நாட்டில் இது தனித் துறை. அந்தமானில் இது காவல் துறையின் ஒரு பிரிவு.

மூன்று, ஆம்புலன்ஸ். இது நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி மட்டும் அல்ல. வழியிலேயே முதலுதவி கொடுக்கும் வண்டி.

முன்பு மூன்றுக்கும் மூன்று எண்களை நினைவில் வைக்க வேண்டி இருந்தது. காவல் துறைக்கு 100. தீயணைப்புக்கு 101. ஆம்புலன்ஸுக்கு 102. பல மாநிலங்களில் 108. பதறும் நேரத்தில் எது எதற்கு என்று மறந்து போகும். அதனால் நாடு முழுவதற்கும் 112 என்ற ஒரே எண்ணைக் கொண்டு வந்தார்கள். அந்தமானிலும் தமிழ்நாட்டிலும் இது 2019 பிப்ரவரியில் தொடங்கியது. 112-ஐ அழைத்தால் போதும். யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அவசர எண் பிறந்த கதை

1935-ஆம் ஆண்டு லண்டன் நகரில் ஒரு வீடு தீப்பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் உதவி கேட்டார். அந்தக் காலத்தில் எல்லா அழைப்புகளையும் தொலைபேசி நிலையத்தில் இருப்பவர்கள்தான் இணைத்துக் கொடுப்பார்கள். அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருந்தது. அந்தத் தீயில் ஐந்து பெண்கள் இறந்து போனார்கள்.

மக்கள் கொதித்தார்கள். அவசர அழைப்பு காத்திருக்கக் கூடாது என்று கேட்டார்கள். 1937-இல் லண்டனில் 999 என்ற அவசர எண் வந்தது. உலகின் முதல் அவசர எண் அதுதான். பிறகு நாடு நாடாக இந்த முறை பரவியது.

விளையாட்டுக்காக 112-ஐ அழைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பொய் அழைப்பால் ஓர் உண்மை அழைப்பு காத்திருக்கக் கூடும்.

போனில் என்ன சொல்ல வேண்டும்?

நான்கு செய்திகள் போதும்.

1. எந்த இடம்?
2. என்ன நடந்தது?
3. எத்தனை பேருக்கு ஆபத்து?
4. உங்கள் போன் எண் என்ன?

முதலில் இடத்தைச் சொல்லுங்கள். நடுவில் போன் துண்டித்துப் போனாலும் இடம் தெரிந்துவிடும்.

ஊரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இந்தப் பக்கத்தில் திரூர் இருக்கிறது. கேரளத்திலும் திரூர் இருக்கிறது. 1921-இல் மலபாரில் கிளர்ச்சி நடந்தது. அதன்பின் அங்கிருந்து மாப்பிளா மக்கள் அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையே இங்கும் வைத்தார்கள். எனவே ஊர்ப் பெயரோடு ஓர் அடையாளமும் சொல்லுங்கள். பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம், ரேஷன் கடை, பாலம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எழுத்து இந்தியில் இருக்கலாம், ஆங்கிலத்தில் இருக்கலாம். 1, 2, 3 என்ற எண்களை நீங்கள் படித்துவிடலாம்.

பெரார்கஞ்ச் பகுதியில் வங்காளி, இந்தி, தமிழ், மலையாளம், தெலுங்கு என்று பல மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது இந்தி. போனில் பேசுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆகவே சில வரிகளைச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

தீப்பிடித்துவிட்டது: ஆக் லகீ ஹை.
விபத்து நடந்துவிட்டது: ஆக்சிடென்ட் ஹுவா ஹை.
பாம்பு கடித்துவிட்டது: சாம்ப் நே காட்டா ஹை.
சீக்கிரம் ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்: ஜல்தி ஆம்புலன்ஸ் பேஜியே.

பேசி முடித்தவுடன் நீங்களாகப் போனை வைத்துவிடாதீர்கள். கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு ஒருவரைச் சாலை முனையில் நிறுத்துங்கள். இருட்டாக இருந்தால் கையில் டார்ச் விளக்கைக் கொடுங்கள். அவர் வண்டிக்கு வழி காட்டட்டும்.

உதவி வரும் வரை

விபத்து என்றால்: அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருந்தால் அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. நினைவு இல்லாதவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. அது மூச்சுக் குழாயில் போய்விடும்.

தீ என்றால்: முதலில் ஆட்களை வெளியே கொண்டு வாருங்கள். பொருளை எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, சட்டியை மூடி போட்டு மூடுங்கள். தீப்புண் மீது 20 நிமிடம் தண்ணீர் ஓட விடுங்கள். மை, பற்பசை, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

கேஸ் கசிந்தால்: கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சின்னப் பொறி போதும், வீடே எரிந்துவிடும். வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணும் உண்டு.

பாம்பு கடித்தால்: கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மந்திரம் போடுபவரைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. மருத்துவமனைதான் வழி.

உதவினால் வம்பு வருமா?

"தொடாதீங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று ஒருவர் சொன்னார் அல்லவா? இந்தப் பயத்தால் எத்தனையோ பேர் சாலையிலேயே கிடந்து இறந்திருக்கிறார்கள்.

இப்போது சட்டம் உதவுபவர் பக்கம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-இல் இதைப் பற்றி உத்தரவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. தன் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பம்.

விபத்து நடந்து முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அதைப் பொன்னான நேரம் என்பார்கள். அந்த நேரத்தைப் பயத்தில் இழக்க வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்னால் படியுங்கள்

குற்றம் நடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வாயால் சொன்னாலும் போதும். அதை அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடுமையான குற்றங்களில் இப்படிப் பதிவு செய்வதை முதல் தகவல் அறிக்கை என்பார்கள். எஃப்.ஐ.ஆர். என்பதும் இதுதான். அதன் நகல் ஒன்றை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

"இது எங்க எல்லை இல்லை, வேற ஸ்டேஷனுக்குப் போங்க" என்றும் சொல்லக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம்.

கைநாட்டு வைத்த காலத்தில் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது உங்களுக்கு எழுத்து தெரியும். தேதி சரியா? இடம் சரியா? நீங்கள் சொன்ன பெயர்கள் இருக்கின்றனவா? எழுதியது வேறு மொழியில் இருந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

கடலும் காடும்

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள். படகில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். படகில் கூட்டம் அதிகமாக இருந்தால் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

ஜிர்காதங்கைத் தாண்டினால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அங்கே வாகனங்கள் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும். நடுவில் நிறுத்தக் கூடாது. ஜாரவா மக்களைப் படம் எடுக்கக் கூடாது. ஏதாவது ஆபத்து என்றால் கூட வரும் போலீஸாரிடம் சொல்ல வேண்டும். காட்டில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

2004 டிசம்பர் 26 காலையை இந்தத் தீவு மக்கள் மறக்க மாட்டார்கள். நிலம் குலுங்கியது. பிறகு கடல் பொங்கி வந்தது. தெற்கு அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கடல் நீர் வயல்களில் புகுந்தது. எத்தனையோ நல்ல நெல் வயல்கள் உப்பு நீரில் மூழ்கிக் கெட்டுப் போயின. அந்த நாள் சொன்ன பாடம் இதுதான்: கடலோரத்தில் இருக்கும்போது நிலம் பலமாக, நீண்ட நேரம் குலுங்கினால் போனுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மேட்டுக்கு ஓடுங்கள். கடல் உள்வாங்கினாலும் அப்படியே செய்யுங்கள்.

இன்றே செய்யுங்கள்

ஒரு தாளை எடுங்கள். மேலே 112 என்று பெரிதாக எழுதுங்கள். அதன் கீழே உங்கள் ஊர், சாலை, பக்கத்து அடையாளம், உங்கள் போன் எண் எழுதுங்கள். அதைச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் குழந்தை தனியாக இருந்தாலும் அதைப் பார்த்துச் சொல்லும்.

"எந்த இடம்?" என்று கேட்டால் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுக்கு வழி சொல்ல எந்த அடையாளத்தைச் சொல்வீர்கள்?
2. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவமனை எங்கே இருக்கின்றன?
3. வாசல் வரை ஆம்புலன்ஸ் வர முடியுமா? முடியாது என்றால் ஊரார் சேர்ந்து என்ன செய்யலாம்?