துன்பத்துக்கும் இடமுள்ள ஏடு

பெற்ற நன்மைகளை நினைந்து நன்றி பாராட்டும் பொருட்டு ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எழுதிவருவது மனத்துக்கு ஆரோக்கியம் தரும் என்று மனோதத்துவ நிபுணர்கள் சொல்லுகிறார்கள். அதைக் கேட்டுப் புதுவருஷத்தில் டயரி ஒன்றை வாங்கி, நல்ல குடும்பம், நல்ல உத்தியோகம், தேக சௌக்கியம் என்று நாள்தோறும் ஒரே ஜாபிதாவை எழுதி, மாசம் முடிவதற்குள் சலித்துப்போய் அதை மூடிவைத்துவிட்டவர்கள் பலர். அவர்கள் நன்றியற்றவர்கள் அல்லர். பட்ட கஷ்டங்களுக்கு அந்த ஏட்டில் இடம் கொடுக்காமற்போனதே அது உயிரற்றுப்போனதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கி.பி. 161 முதல் 180 வரை ரோம் சாம்ராஜ்யத்தை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தி, தமக்காகவே கிரேக்க பாஷையில் எழுதிவைத்த சிந்தனைகள் பன்னிரண்டு பகுதிகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. எல்லைப்புறத்தில் ஓயாத யுத்தம், ராஜ்யமெங்கும் கொள்ளைநோய், பெற்ற பிள்ளைகளிற் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த சோகம் ஆகிய இவ்வளவுக்கும் ஆளான அந்த மனிதர், நூலின் முதற்பகுதி முழுவதையும் நன்றிக்கே ஒதுக்கியிருக்கிறார். பாட்டனார் தொடங்கி, தாயார், ஆசிரியர்கள், தம்மைச் சுவீகாரம் எடுத்து வளர்த்த அன்டோனினஸ் வரையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைவுகூர்ந்து, இன்னாரிடமிருந்து இன்ன குணத்தைப் பெற்றேன் என்று எழுதுகிறார். ருஸ்டிகஸ் என்னும் ஆசிரியர் தம்மிடமிருந்த எபிக்டீடஸ் என்னும் தத்துவஞானியின் உபதேசப் பிரதியைக் கொடுத்து உதவியதைக்கூட அவர் மறக்கவில்லை. பால்யத்திலேயே இறந்துபோன தகப்பனாரைப் பற்றி, பிறர் சொல்லக் கேட்டதும் தமக்கு ஞாபகமிருப்பதுமாகச் சொற்பமே எழுதமுடிந்தது; அந்தச் சொற்பத்துக்கும் நன்றி கூறுகிறார். தாயாருக்கு நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை என்பதை மறைக்காமலே, அவள் தன் கடைசி வருஷங்களைத் தம்மோடு கழித்தாளே என்று தெய்வங்களுக்கு வந்தனம் செலுத்துகிறார். இழந்ததும் பெற்றதும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அந்த இடத்தைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

நம் காலத்தில் இப்படி நன்றியை எழுதிவைப்பதைப் பரிசோதனைக்கு உட்படுத்தியவர்களில் எம்மன்ஸ், மக்கல்லோ என்னும் அமெரிக்க அறிஞர்கள் பிரசித்தமானவர்கள். 2003ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில், மாணவர்களில் ஒரு சாரார் வாரந்தோறும் நன்றிக்குரிய விஷயங்களையும், மற்றொரு சாரார் தொல்லைகளையும், வேறொரு சாரார் வெறும் சம்பவங்களையும் 10 வாரங்கள் எழுதிவந்தார்கள். நன்றியை எழுதியவர்களே தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதிகத் திருப்தியும் வரப்போகும் வாரத்தைப் பற்றி அதிக நம்பிக்கையும் தெரிவித்தார்கள். அப்படியானால் தொல்லைகளை எழுதாமலே விட்டுவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் தொல்லைகளை அடுக்கிக்கொண்டு போவது வேறு, ஒரு துயரத்தின் உள்ளே புகுந்து அதைச் சொல்லித் தீர்ப்பது வேறு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தங்களை ஆழமாகப் புண்படுத்திய நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சிகளையும் நாள் ஒன்றுக்கு 15 நிமிஷமாக 4 நாட்கள் எழுதிய மாணவர்கள், எழுதி முடித்தவுடன் அதிக வருத்தமடைந்தாலும், பின்வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வைத்தியரை நாடினார்கள் என்று காணப்பட்டது. பிலிப் வாட்கின்ஸும் அவருடைய சகாக்களும் 2008இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆறாத பழைய நினைவொன்றை எடுத்து, அதன் விளைவாகத் தமக்கு வாய்த்தவற்றில் நன்றிக்குரியது எது என்று சிலரை எழுதச் செய்தார்கள். அந்த நினைவு அவர்களை அடிக்கடி வந்து உறுத்துவது குறைந்தது.

ஆகவே எழுதும் வரிசை முக்கியமானது. தகப்பனார் ஆஸ்பத்திரியிற் கிடந்த வாரத்தைப் பற்றி எழுதுகிறவர், முதலில் தம் பயத்தையும், பணத்துக்கு அலைந்த அலைச்சலையும், உறவினர்மேல் உண்டான கோபத்தையும் உள்ளபடி எழுதிவிடவேண்டும். பிறகுதான் கேளாமலே கஞ்சி வைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாளும், நடுராத்திரியில் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போன நர்ஸும் அவர் பேனாவுக்கு அகப்படுவார்கள். தினந்தோறும் எழுதவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை நிதானமாக எழுதினாலே போதும்.

நேர்ந்த துன்பத்துக்கோ, அதைச் செய்தவருக்கோ நன்றி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது. அது புண்பட்டவரை மறுபடியும் புண்படுத்துவதாகும். துக்கம் புதிதாக இருக்கும் வீட்டுக்குப் போய், இதிலும் ஒரு நன்மை இருக்கும், எழுதிப்பாருங்கள் என்று உபதேசிப்பது கொடுமை. பழைய துயரமானாலும், எழுதும்போது தாங்கமுடியாமற் போகுமானால் அங்கேயே நிறுத்திவிட்டு, நம்பிக்கையுள்ள ஒருவரிடமோ வைத்தியரிடமோ வாய்விட்டுச் சொல்லுவதே உசிதம்.