வாட் காட்டும் வழி

1986-ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர், சைக்கிளின் கிராங்கில் உலோகத்தின் நுண்ணிய வளைவை உணரும் கருவிகளைப் பொருத்தி, அங்குள்ள முறுக்குவிசையைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கி, வீரன் க்ஷணந்தோறும் செலவிடும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் மானியை உருவாக்கினார். உழைப்பை அறிய உதவும் மற்ற அளவுகளில், நாடித்துடிப்போ உழைப்புக்குப் பின்தங்கியே உயர்கிறது. வேகமோ காற்றுக்கும் மேட்டுக்கும் அடிமை.

கடிகாரமே எதிராளியான டைம் டிரயலில்தான் இம்மானியின் பிரயோஜனம் பூரணமாக விளங்குகிறது. காற்றை வெல்லும் சக்தி வேகத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப வளர்வதால், வேகத்தை 10 சதவீதம் உயர்த்த அச்சக்தி ஏறக்குறைய 33 சதவீதம் பெருக வேண்டும். வேகம் மிகுந்த இடத்தில் கூட்டும் சக்தி அதிகம் பலிப்பதில்லை; ஆகவே ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் சற்று மிகுதியாகவும், இறக்கத்தில் சிக்கனமாகவும் செலவிடுபவன், அதே சராசரிச் சக்தியில் முன்னதாக முடிக்கிறான். மானியின் பதிவை ஆராய்வோர் சராசரியோடு நில்லாமல் ஆரம்ப நிமிஷங்களை அவசியம் நோக்க வேண்டும். உற்சாகத்தில் அங்கே எழுந்த அநாவசியச் சிகரமே பெரும்பாலும் பிற்பாதியின் தளர்ச்சிக்குக் காரணமாயிருக்கும்.