விதைநெல்லும் கணினிச் செய்நிரலும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்வோர் நன்கு விளைந்த கதிர்களிலிருந்தே விதைநெல்லைத் தெரிந்தெடுப்பர். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தாரோ முருங்கக்காயன், மாஸ் என்னும் இரு நெல்லினங்களைக் கலந்து எச்-4 என்னும் புதிய இனத்தை ஆக்கினர். உயிர்களின் கூர்ப்புக்கும் கலப்பும் தெரிவுமே துணை. அவற்றைக் கணினிக்குள்ளும் நிகழ்த்தலாகாதா?

நிகழ்த்தலாம். செய்நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதி. முதலில் நூற்றுக்கணக்கான செய்நிரல்களைத் தற்செயலாக ஆக்குவர், பெரும்பாலானவை பதரே. ஒவ்வொன்றையும் ஒரு கணக்கைச் செய்வித்துப் புள்ளியிடுவர். புள்ளி மிகுந்த இரண்டை எடுத்து, ஒன்றன் பகுதியை மற்றதன் பகுதியோடு மாற்றிப் பொருத்துவர்; சிற்சில கட்டளைகளைத் திரிப்பர். அவ்வாறு பிறந்த தலைமுறையை மீண்டும் சோதிப்பர். தலைமுறைகள் பல கடந்தபின், எவரும் எழுதாத நல்ல செய்நிரலொன்று தோன்றக்கூடும். அமெரிக்கராகிய ஜோன் கோசா 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரப்பிற்று.

எனினும், நாம் எதற்குப் புள்ளியிடுகின்றோமோ அதுவே வளரும். விளைச்சலை மட்டும் நோக்கித் தெரிந்தால், காற்றுக்குச் சாயும் நெல்லே கிடைத்தல் கூடும். ஒரு பாலம் உறுதியாகவும் இருத்தல் வேண்டும், செலவும் குறைதல் வேண்டும் எனின் யாது செய்வது? கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக் கல்யாண்மோய் தேவ் குழுவினர் 2002இல் வெளியிட்ட முறை, உறுதி மிக்கது, செலவு குறைந்தது, இடைப்பட்டவை எனப் பல விடைகளை ஒருங்கே வளர்த்துத் தருகின்றது. அவற்றுள் ஒன்றைத் தெரியும் பொறுப்பு மனிதனுடையது. புள்ளியிடும் விதியை வகுக்கும் பொறுப்பும் அவனுடையதே.