குறட்டைக்குத் துத்தநாக மாத்திரையா?

மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிற துத்தநாக மாத்திரையை ஸ்லீப் ஏப்னியாவுக்கும் போட்டுக்கொள்ளலாமா? கேள்வி அபத்தமானதல்ல; அதன் பின்னால் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது.

இந்த நோயில், தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கும் அல்லது மிகவும் குறையும். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ இப்படி நேர்ந்தால் நோய் தீவிரம் என்பது மருத்துவர்கள் கணக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் சரிகிறது. திடுக்கிட்டு மூச்சு திரும்பியதும் ஏறுகிறது. விந்தை என்னவென்றால், சரிவு மட்டுமல்ல, திரும்பி ஏறுவதும் கெடுதல்தான். பட்டினி கிடந்த திசுக்களில் ஆக்சிஜன் மீண்டும் பாயும்போது சூப்பராக்சைடு என்ற ஆபத்தான மூலக்கூறு உருவாகி, ரத்தநாளச் சுவர்களைத் தாக்குகிறது.

அதைச் சமாளிக்க உடம்பிடம் நொதிகள் உண்டு. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையை 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். அதன் ஒரு வகை செம்பும் துத்தநாகமும் இல்லாமல் இயங்காது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் வகைக்கு மாங்கனீசு தேவை. அடுத்த கட்டத்தில் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கையாளும் கேட்டலேசுக்கு இரும்பு, குளுட்டாதயோன் பெராக்சிடேசுக்குச் செலினியம். இத்தனைக்கும் உடம்பில் உள்ள மொத்தத் துத்தநாகம் இரண்டு மூன்று கிராம்தான்.

ஏப்னியா நோயாளிகளின் ரத்தத்தில் துத்தநாகம் குறைவாகவும் செம்பு கூடுதலாகவும் இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. செலினியத்தில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. துத்தநாகம் குறைந்ததென்றால் மாத்திரை போட்டு நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். உடம்பில் எந்த அழற்சி இருந்தாலும் கல்லீரல் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். துத்தநாகத்தையோ ரத்தத்திலிருந்து தன்னிடம் இழுத்துக்கொள்ளும். ஏப்னியாவிலும் அதோடு சேர்ந்து வரும் உடல்பருமனிலும் அழற்சி உண்டு. ஆகவே அந்த அளவுகள் நோயின் விளைவாக இருக்கலாம். காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல்: அளவுக்கு மீறிய துத்தநாகம் குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். செலினியம் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு விஷயம்.

மூச்சு நிற்பதை நிறுத்துவதுதான் முறையான சிகிச்சை. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் சிபேப் கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தியவர்களில் ஆக்சிஜன் சேதத்தின் அடையாளங்கள் குறைவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முகமூடி தொல்லைதான், சந்தேகமில்லை. ஆனாலும் பலத்த குறட்டை, நடு இரவுத் திணறல், பகலில் அடக்க முடியாத தூக்கம், மருந்துக்கும் அடங்காத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தாதுச்சத்து மாத்திரை வாங்கும் பணத்தை முதலில் தூக்கப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.