இரும்புக்கு முன்னர் இணக்கம்

படுவான்கரையில் சிறுபோக வேளாண்மை தொடங்குமுன் விவசாயிகள் ஒன்றுகூடிப் பேசுவதை மாணவர் பலரும் அறிவர். உன்னிச்சைக் குளத்தில் நீர் எவ்வளவு உண்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்நாளில் நீர் திறக்கப்படும் என்பனவெல்லாம் அங்கே முடிவாகின்றன. வாய்க்கால் தொடங்கும் வயலுக்கும் அது முடியும் வயலுக்கும் உரிய பங்கு கிடைக்கின்றதா என்று பார்ப்பது வட்டை விதானையாரின் பொறுப்பு. பேச்சு முதலில், நீர் பிறகு. நாடு விட்டு நாடு செல்லும் எரிவாயுக் குழாய்க்கும் இதுவே விதி.

இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன் ஆகும். நம் அடுக்களைச் சிலிண்டரில் இருப்பது வேறு; அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயு. இயற்கை வாயுவைத் தொலைதூரம் கொண்டுசெல்ல வழிகள் இரண்டு. பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால், அது அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும். அதனைக் கப்பலில் ஏற்றலாம். இன்றேல் உருக்குக் குழாயினுள் அழுத்தி அனுப்பலாம். கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். புதைத்த குழாயைத் திருப்ப முடியாது. விற்பவர், வாங்குபவர், வழிவிடுபவர் ஆகிய மூவரும் இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிணைக்கப்படுகின்றனர். ஆதலின் விலை எவ்வாறு கணிக்கப்படும், வாங்காவிடினும் பணம் செலுத்த வேண்டுமா, வழிவிடும் நாட்டுக்குக் கூலி என்ன, பிணக்கு நேர்ந்தால் தீர்ப்பவர் யார் என்பன முன்னரே எழுதப்படல் வேண்டும்.

நம் கரையை மோதும் வங்கக் கடலே இதற்குச் சான்று. மியன்மார்க் கடலடி வாயுவைப் பங்களாதேஷ் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுசெல்ல, மூன்று நாட்டு அமைச்சர்களும் 2005 ஜனவரியில் யங்கூன் நகரில் கூடி இணங்கினர். வழிவிடுவதற்குப் பங்களாதேஷ் சில கோரிக்கைகளை வைத்தது. நேபாளத்துடனும் பூட்டானுடனும் வாணிபம் செய்ய இந்திய நிலத்தின் ஊடே பாதை, அந்நாடுகளின் நீர்மின்சாரம், இந்தியாவுடனான வாணிபப் பற்றாக்குறைக்குப் பரிகாரம் என்பன அவை. பேச்சு நீண்டது, முடிவு எட்டவில்லை. 2008 இல் மியன்மார் அவ்வாயுவைச் சீனாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தது. 2013 இல் அது கியாவுக்பியூ கரையிலிருந்து மலைகளைக் கடந்து யுன்னானுக்குப் பாயத் தொடங்கியது. அவ்வாயு வயலில் இந்திய நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு என்பதே வியப்பு! பங்கிருந்தும் வழியில்லை. துருக்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஊடாக இந்தியாவுக்கு வகுக்கப்பட்ட சுமார் 1,800 கிலோமீற்றர்க் குழாயின் வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. பத்தாண்டுகள் கழிந்தும் அது இந்திய எல்லையைத் தொடவில்லை.

இப்போது இக்கேள்வி நம் வாயிலுக்கே வந்துள்ளது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க, இந்தியாவும் இலங்கையும் ஐக்கிய அரபு அமீரகமும் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பில் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. இந்தியாவிலிருந்து கடலூடே குழாய் அமைப்பதும் அத்திட்டத்தில் பேசப்படுகின்றது. அது இயற்கை வாயுவுக்கு அன்று, பெற்றோலியப் பொருள்களுக்கே. எனினும் இரண்டுக்கும் படிப்பினை ஒன்றே.

2022 இல் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றதையும், மண்ணெண்ணெய் இன்றி மீனவர் படகுகள் கரையில் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. குழாய் இருந்திருந்தால் அத்துன்பம் வந்திராது என்பார் உளர். அன்று குறைந்தது குழாயன்று, அந்நியச் செலாவணியே. கையில் பணமில்லாதவனுக்குக் குழாயும் வறண்ட வாய்க்காலே. ஆகவே நம் தேவை எவ்வளவு, நாட்டால் எவ்வளவு கட்ட இயலும் என்ற கணக்கு முதலில் வரல் வேண்டும். குழாய் கரையேறும் இடத்தில் வலை வீசும் குடும்பங்களின் சொல்லும் கேட்கப்படல் வேண்டும். வாய்க்கால் முடியும் வயலுக்குரியவர் அவர்களே.

நாளை பொறியியலும் பொருளியலும் சட்டமும் கற்கப்போகும் மாணவர் இதனை மனத்திற் கொள்க. உருக்கை உருக்கி இணைப்பது ஒரு கலை. அயலாரை இணங்கவைப்பது அதனினும் அரிய கலை. முன்னதை ஏட்டிற் கற்கலாம். பின்னதை நம் வட்டைகளில், நீர் திறக்குமுன் நடக்கும் கூட்டத்தில் போயிருந்து கற்கலாம்.