தலைகீழ் மலை

மலையேறுவோன் முதலில் வருந்துவான்; பின்னரே இளைப்பாறுவான். உடல் தளர்ந்த வேளையில் இறக்கம் அவனுக்குத் துணை நிற்கும். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி வைத்துள்ள இடமொன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உண்டு. கொலராடோ ஆறு அறுத்துக் குடைந்த 'கிராண்ட் கேன்யன்' என்னும் பெரும் பள்ளத்தாக்கே அது. அங்கு ஒரு பகற்பொழுது நடந்து மீள விரும்புவோர் அறிய வேண்டியவற்றை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

வில்லியம்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 95 கிலோமீட்டர் காரில் செல்வதாகக் கொள்வோம். முதலில் புல்வெளியும் குறுமரங்களும் வரும். பின்னர்ப் பைன் மரக்காடு. நிலம் பெரும்பாலும் சமமாகவே கிடக்கும். அருகில் ஒரு பெரும் பள்ளம் உள்ளதற்கான அறிகுறி எதுவும் தோன்றாது. காரை நிறுத்திவிட்டு மரங்களினூடே சிறிது தொலைவு நடந்தவுடன் நிலம் முடிந்துவிடுகிறது! நீளம் 446 கி.மீ.; அகன்ற இடத்தில் அகலம் 29 கி.மீ.; ஆழமோ ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். இவ்வெண்களை முன்னரே படித்து வந்தவர்க்கும் அவை அவ்விடத்தில் உதவுவதில்லை. கண் தன் அளவுகோலை இழந்து நிற்கும்.

இம்மயக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1540ஆம் ஆண்டில், ஹோப்பி மக்கள் வழிகாட்ட, கார்தெனாஸ் என்பாரின் தலைமையில் ஸ்பானியர் சிலர் இவ்விளிம்பை அடைந்தனர். கீழே ஓடிய ஆறு, இரு கைகளையும் விரித்தால் அடங்கும் அகலமே உடையதென அவர்களுக்குத் தோன்றிற்று. மூவர் இறங்கிப் பார்த்தனர். மூன்றில் ஒரு பங்கு வழியே சென்று, மாலை 4 மணியளவில் திரும்பினர். மேலிருந்து ஆளுயரமாகத் தெரிந்த பாறைகள், செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என அவர்கள் ஆணையிட்டுக் கூறியதாகக் காஸ்தஞேதா என்பார் எழுதிவைத்துள்ளார். அக்கோபுரம் எது தெரியுமா? 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹது ஆட்சியாளர் எழுப்பிய பெரும் பள்ளிவாசலின் மினாராவே அது. ஸ்பெயினில் எழுந்த மினாரா ஒன்று அரிசோனாப் பாறைக்கு அளவுகோலான விந்தையை நாம் எண்ணி மகிழலாம்.

இன்றைய நடைவழிகளுள் பலரும் செல்வது தெற்கு விளிம்பிலிருந்து இறங்கும் 'பிரைட் ஏஞ்சல்' வழியாகும். செங்குத்தான பாறைச்சுவரில் வளைந்து வளைந்து அது இறங்குகிறது. கோவேறு கழுதைகளும் அவ்வழியே செல்லும். அவை எதிர்ப்படின், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் சுவரின் பக்கம் ஒட்டி நிற்றல் வேண்டும்.

விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. சற்றுக் கீழே வெளிர்நிறக் கொக்கோனினோ மணற்பாறையைக் காண்கிறோம். காற்றுக் குவித்த பண்டைய மணற்குன்றுகளே இறுகி அவ்வாறு கல்லாயின. அதற்கும் கீழே 'ரெட்வால்' எனப்படும் செஞ்சுவர் நிற்கிறது. உண்மையில் அப்பாறை சாம்பல் நிறத்தது. மேலடுக்குகளிலிருந்து மழைநீர் கொணர்ந்த இரும்புத்துருவின் சாயமே அச்சிவப்பு. ஆற்றோரத்துக் கரும்பாறைக்கு நிலவியலார் இட்ட பெயர் 'விஷ்ணு'. அதன் அகவை ஏறத்தாழ 170 கோடி ஆண்டுகள். இத்துணைப் பழம்பாறைகளை ஆறு அறுத்து இறங்கியதோ, அறிஞர் பலர் கருத்துப்படி, கடந்த 50 அல்லது 60 லட்சம் ஆண்டுகளில்தான்.

பாறைகளோடு தட்பவெப்பமும் அடுக்கடுக்காக மாறுகிறது. விளிம்பு கடல் மட்டத்திற்கு 2,100 மீட்டர் அளவு உயர்ந்தது. குளிர்காலத்தில் அங்குப் பனி பெய்யும். ஆற்றங்கரை 750 மீட்டர் அளவினது; அங்குக் கள்ளியும் முட்புதருமே மிகுதி. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். கோடையின் கொடுமையால் நேரும் அத்திரிபை இங்கே சில மணிநேர இறக்கத்திலேயே காணலாம். கீழிறங்கும் காற்று அழுத்தமுற்றுச் சூடேறுகிறது. கரும்பாறை பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவிலும் உமிழ்கிறது. ஆதலின் கோடையில் விளிம்பு இதமாக இருக்கும்போதே ஆற்றங்கரையில் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்துவிடும்.

இனி, உயிரைக் குடிக்கும் பிழை எங்கே நேர்கிறது என்பதைக் காண்போம். காலையில் புறப்படுவோனுக்குக் குளிர்காற்றும் நிழலும் துணை. கால்கள் தாமாகவே இறங்குகின்றன. இன்னும் ஒரு வளைவு, இன்னும் ஒரு வளைவு என்று மனம் இழுக்கிறது. களைப்பு என்னும் எச்சரிக்கை மலையில் முதலிலேயே வந்துவிடும். இங்கோ அது வரும்போது ஏற வேண்டிய வழி முழுவதும் தலைக்குமேல் நிற்கும். இறங்கியதைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டும். அதுவும் உச்சிவெயிலில்! ஆற்றுக்குச் சென்று ஒரே நாளில் மீள முயலவேண்டா, அதிலும் மே முதல் செப்டம்பர் வரை வேண்டவே வேண்டா எனப் பூங்கா நிர்வாகம் ஓயாது எச்சரிக்கிறது. வெப்பத்தால் வீழ்ந்து மீட்கப்படுவோருள் உடல்வலிமை மிக்க இளைஞரும் பலர். ஆகவே திரும்பும் இடத்தையும் நேரத்தையும் விளிம்பில் நிற்கும்போதே முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். கீழே சென்று முடிவெடுக்கும் மனம் நம்பத்தக்கதன்று.

நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாவதால் சட்டை நனைவதில்லை. வியர்க்கவில்லை என்றே நடப்பவன் எண்ணுவான். இதனை அறிந்தோருள்ளும் சிலர் உணவின்றி நீரை மட்டும் பருகிக்கொண்டே செல்வர். அதுவும் கேடே. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் அறிவுக் குழப்பமும் வலிப்பும் நேரக்கூடும். உப்பிட்ட தின்பண்டம் நீரோடு இணைபிரியாது வரவேண்டும். வழியில் 2.4 கி.மீ., 4.8 கி.மீ. தொலைவுகளில் ஓய்விடங்கள் உள்ளன. அங்குக் குழாய்நீர் ஆண்டு முழுதும் கிடைப்பதன்று. பள்ளத்தாக்கைக் கடந்து வரும் குழாய் பழையது, அடிக்கடி உடைவது. புறப்படுமுன் காவலரிடம் கேட்டறிதலே முறை.

7.2 கி.மீ. நடந்து, 900 மீட்டருக்குமேல் இறங்கினால், ஓடையும் காட்டன்வுட் மரநிழலும் எதிர்கொள்ளும். இது வழிப்போக்கர்க்காகத் தோன்றிய சோலையன்று. ஹவசுபாய் மக்கள், அதாவது நீலப்பச்சை நீரின் மக்கள், வழிவழியாகப் பயிரிட்டு வாழ்ந்த இடம் இது. 1919இல் தேசியப் பூங்கா அமைந்தபின் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். எஞ்சியிருந்த கடைசி ஒருவரும் 1928இல் அகற்றப்பட்டார். 'இந்தியன் கார்டன்' என்று வழங்கிய அவ்விடம், அம்மக்களின் வேண்டுகோளால் 2022இல் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மீண்டது, நிலம் மீளவில்லை.

இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் நன்கு பழகியோர் இச்சோலை வரை செல்லலாம். கோடையில் முதல் ஓய்விடத்தோடு திரும்புதலே நன்று என்பது எம் கருத்து. வெயிலில் அகப்பட்டுக்கொண்டவர் 4 மணி வரை நிழலிலேயே இருந்துவிட்டு, ஓடைநீரில் சட்டையை நனைத்து உடுத்தி, மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மெல்ல ஏறுதல் வேண்டும். இருட்டிவிடும் என்று அஞ்சி வெயிலில் ஓடுவதைக் காட்டிலும், கைவிளக்குடன் இருளில் ஏறுவது மேல்.

முன்னர்க் குறித்த ஸ்பானியர் சில நாள் விளிம்பிலேயே தங்கினர். கண்ணெதிரே பேராறு ஓடிக்கொண்டிருக்க, குடிநீருக்காக மாலைதோறும் அவர்கள் விளிம்பைவிட்டு உள்நிலத்துக்கு நடந்தனர். மேற்கொண்டு சென்றால் மூன்று நான்கு நாள் வழியில் நீரே இல்லை என்று ஹோப்பி வழிகாட்டிகள் கூறவே, வந்த வழியே திரும்பிச் சென்றனர். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியர் எவரும் அங்கு வந்ததாக ஏடுகளில் பதிவில்லை.