கொக்குக்கு மூன்று கால்!

ஒரு கொக்கை வரைய எத்தனை காகிதம் வேண்டும்?

எனக்கு ஒன்பது காகிதம் ஆயிற்று. அப்படியும் கொக்கு வரவில்லை!

செம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்தேன். அலகு கோணினால் அழித்தேன். கழுத்து நீண்டால் அழித்தேன். ரப்பர் தேய்ந்தது, காகிதத்தில் ஓட்டை விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கொக்கு எப்போதோ பறந்துவிட்டது!

பக்கத்தில் அக்காள் மகள். வயது 7. அதற்குள் அவள் ஒரு கொக்கு, ஒரு எருமை, ஒரு ரெயில் எல்லாம் வரைந்துவிட்டாள். (ஏரியில் ரெயில் ஏது என்று நான் கேட்கவில்லை.)

"கொக்குக்கு மூன்று கால் போட்டிருக்கிறாயே?" என்றேன்.

"அது நடக்கிறது, மாமா!" என்றாள்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அம்மாவை வரைய வேண்டும் என்று பல வருடம் ஆசைப்பட்டேன். "இன்னும் நன்றாகப் பழகிக்கொண்டு வரையலாம்" என்று தள்ளிப்போட்டேன். அம்மா காலமாகிவிட்டாள். படம் இல்லை.

அரை நிமிடப் படம்

நியூயார்க்கில் கிமோன் நிக்கோலாய்டிஸ் என்று ஓர் ஓவிய ஆசிரியர் இருந்தார். அவருடைய பாட நூல், அவர் இறந்தபின் 1941-ல் வெளிவந்தது. அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கிறுக்கச் சொல்கிறார்! பொருள் எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, அது என்ன செய்கிறது என்று பார் என்கிறார். மூன்று கால் கொக்கும் அதுதானே?

நம் ஊர் ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1938-ல் பிறந்தவர், 2008-ல் மறைந்தார். 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி, காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து குவித்தார். கறுப்பு மைக் கோடுகள்! மையை ரப்பரால் அழிக்க முடியுமா? ஒரு கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு. கோடுகள் பின்னிப் பின்னி, காந்தி எழுந்து நடக்கிறார்.

கண்டபடி கிறுக்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். கை பழகியது, பிறகு ஓடியது. ஆனால் அழித்துக்கொண்டே இருந்தால் கை எப்போது பழகும்?

அப்பாவின் காது

வீட்டுக்கு வந்தேன். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டே நிமிடத்தில் வரைந்தேன்.

அப்பா வாங்கிப் பார்த்தார்.

"காது ரொம்பப் பெரிதாக இருக்கிறதே!" என்றார்.

அவர் காது பெரிதுதான்!